காற்றாடி மாட்டியதா இல்லையா: சென்டிஸ் மலை மின்னலும் இரண்டு கேமராக்களும்

மொட்டைமாடியில் நின்று பார்த்தால் எதிர்த்தெருப் பையனின் காற்றாடி செல்போன் கோபுரத்தில் மாட்டிக்கொண்டது போலத் தெரியும். நூல் கோபுரக் கம்பியை உரசிக்கொண்டே போகிறது என்று சத்தியம்கூடச் செய்யலாம். நாலு வீடு தள்ளி நிற்பவரைக் கேட்டால், "எங்கே மாட்டியிருக்கு? கோபுரம் ஒரு பக்கம், காற்றாடி ஒரு பக்கம்" என்பார். இருவர் கண்ணிலும் கோளாறு இல்லை. தூரத்தில் இருக்கும் இரண்டு பொருள்களில் எது முன்னால், எது பின்னால் என்று ஒரே இடத்தில் நின்று சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

2021 கோடையில் சுவிட்சர்லாந்தின் வடகிழக்கில் உள்ள சென்டிஸ் மலையில் ஓர் ஆய்வுக்குழுவுக்கு இதே சிக்கல். அவர்களுடைய காற்றாடி மின்னல். கோபுரம் இருந்த இடத்தில் ஒரு லேசர் கற்றை. மின்னல் லேசரைத் தொட்டுக்கொண்டு வந்ததா, அல்லது நூறு மீட்டர் பின்னால் போன மின்னல் படத்தில் மட்டும் தொட்டது போல விழுந்ததா? விடை சொல்ல இரண்டாவது கேமரா தேவைப்பட்டது. லேசரைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். கேமராக்களைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

சென்டிஸ் 2,502 மீட்டர் உயரம். உச்சியில் 124 மீட்டர் தொலைத்தொடர்புக் கோபுரம். சுற்றிலும் இதற்கு நிகரான உயரம் இல்லாததால் இடிமழைக் காலத்தில் மேகத்தின் கோபமெல்லாம் இதன் தலையில்தான் இறங்கும். ஆண்டுக்கு ஏறக்குறைய 100 முறை மின்னல் தாக்குகிறது. ஐரோப்பாவிலேயே அதிகமாக அடிவாங்கும் கட்டுமானங்களில் இதுவும் ஒன்று. லொசான் நகரின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு 2010 முதலே இந்தக் கோபுரத்தில் கருவிகளைப் பொருத்தி, ஒவ்வொரு தாக்குதலிலும் பாயும் மின்னோட்டத்தை அளந்து வருகிறது. மின்னலைப் படிக்க வேண்டும் என்றால், மின்னல் தானே தேடி வரும் இடத்தில் போய் உட்காருவதுதான் புத்திசாலித்தனம்.

இங்கே அடிக்கும் மின்னலில் பெரும்பகுதி நாம் ஊரில் பார்ப்பதற்கு நேர்மாறு. மேகத்திலிருந்து தரைக்கு வருவதில்லை. கோபுர நுனியில் முளைத்து மேகத்தை நோக்கிக் கொடி போல ஏறுகிறது. தமிழில் கொடி மின்னல் என்று சொல்கிறோமே, அந்தப் பெயருக்கு இதைவிடப் பொருத்தமான காட்சி கிடையாது. கீழே வேர், மேலே கிளை.

அந்தக் கொடிக்குப் பந்தற்கால் நட முடியுமா என்பதுதான் ஆய்வின் கேள்வி. வானத்தில் லேசரைப் பாய்ச்சினால் மின்னல் அதைப் பற்றிக்கொண்டு ஏறுமா? பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் முன்வைத்த இடிதாங்கி இன்றும் அதே உலோகக் கம்பிதான். அது காக்கும் வட்டம் கம்பியின் உயரத்தைப் பொறுத்தது. விமான நிலையத்துக்கோ ராக்கெட் தளத்துக்கோ அரை கிலோமீட்டர் உயரக் கம்பி நட முடியாது. லேசரால் நட முடிந்தால் நல்லது. இந்த யோசனை 1970-களிலிருந்தே இருக்கிறது. 2004-ல் அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மலை ஒன்றில் டெராமொபீல் என்ற நடமாடும் லேசரைக் கொண்டுபோய் முயன்றார்கள். மேகத்துக்குள் சின்னச் சின்ன மின்கசிவைத் தூண்டியதற்கான அறிகுறி கிடைத்தது, மின்னல் வழிக்கு வரவில்லை. அந்த லேசர் நொடிக்கு 10 முறைதான் துடித்தது.

சென்டிஸ் லேசர் நொடிக்கு 1,000 முறை துடிக்கும். ஒவ்வொரு துடிப்பும் ஏறத்தாழ ஒரு பிகோநொடி (நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) நீளம், 500 மில்லிஜூல் ஆற்றல். சராசரியாகப் பார்த்தால் 500 வாட், வீட்டு மிக்சிக்குப் போகும் மின்சாரம். ஆனால் அந்த அரை ஜூலை ஒரு பிகோநொடிக்குள் திணிப்பதால், துடிப்பின் அந்தக் கணத்தில் திறன் 50,000 கோடி வாட். அந்தச் செறிவில் ஒளி காற்றிலேயே தன்னைத் தானே குவித்துக்கொண்டு மெல்லிய இழைகளாக ஓடும். இழை போன வழியில் காற்று சூடாகி விலகி, அடர்த்தி குறைந்த ஒரு குழாய் மிஞ்சும். குழாயின் ஆயுள் சில மில்லிநொடிதான். நொடிக்குப் பத்து துடிப்பு என்றால் அடுத்த துடிப்பு வருவதற்குள் குழாய் மூடிவிடும். ஆயிரம் என்றால் மூடுவதற்குள் அடுத்தது வந்துவிடும். அடர்த்தி குறைந்த காற்றில் மின்சாரம் எளிதாகப் பாயும். இதுதான் எதிர்பார்ப்பு.

பிரான்ஸின் எகோல் பாலிடெக்னிக் கல்வி நிறுவனத்தின் ஒரேலியன் ஊவார், ஜெனீவா பல்கலைக்கழகத்தின் ழான்-பியர் வோல்ஃப் ஆகியோர் முன்னின்று நடத்திய ஆய்வு இது. லேசர் ட்ரும்ப்ஃப் நிறுவனம் செய்து கொடுத்தது. எடை மூன்று டன்னுக்கு மேல். அதைப் பிரித்து மலையுச்சிக்கு ஏற்றிக் கோபுரத்தின் பக்கத்தில் நிறுத்தினார்கள். கற்றை கோபுர நுனியை ஒட்டி மேலே போகும்படி திருப்பினார்கள். லேசர் எரியும்போது மேலே விமானம் பறக்கத் தடை. ஜூலை 21 முதல் செப்டம்பர் 30 வரை காத்திருந்தார்கள். கோபுரத்துக்கு மூன்று கிலோமீட்டருக்குள் இடிமழை இருந்தபோது லேசர் ஓடிய மொத்த நேரம் 6.3 மணி. காத்திருந்த அந்த நாள்கள் முழுவதிலும் கோபுரத்தில் விழுந்த மின்னல் குறைந்தது 16. அதில் நான்கு, லேசர் எரிந்துகொண்டிருந்தபோது.

நான்கு. இரண்டரை மாதக் காத்திருப்பின் விளைச்சல் இது. மின்னல் படம் எடுப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்காது.

இனி ஜூலை 24. மற்ற நாள்களில் மலையுச்சி மேகத்துக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கும், அங்கே கேமரா குருடு. அன்று மட்டும் வானம் ஓரளவு தெளிவு, கூடவே மின்னல். அதிவேகக் கேமராக்கள் இரண்டு இடங்களில் இருந்தன. ஒன்று மலையடிவாரத்தில் கேபிள் கார் கிளம்பும் ஷ்வேகால்ப். இன்னொன்று வடக்கே ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தள்ளி உள்ள க்ரோன்பெர்க் என்ற குன்று. வரைபடத்தில் கோல் வைத்துப் பார்த்தேன். கோபுரத்தில் நின்றால் ஷ்வேகால்ப் மேற்கு வடமேற்கில் இருக்கிறது, க்ரோன்பெர்க் கிட்டத்தட்ட நேர் வடக்கில். இரண்டு பார்வைக்கோடுகளுக்கும் நடுவே 50 பாகையை ஒட்டிய கோணம். நல்ல கோணம். மின்னல் அளப்பவர் கேட்டு வாங்கவேண்டிய கோணம்.

அந்தக் கோணம் என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். க்ரோன்பெர்க் கேமராவில் மின்னலும் லேசரும் ஒரே கோடாகத் தெரிகின்றன என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் மின்னல் லேசருக்கு 100 மீட்டர் பின்னால் இருந்தாலும் அந்தப் படம் அப்படியேதான் இருக்கும். ஒரு மயிரிழைகூட மாறாது. ஆனால் 50 பாகை தள்ளி நிற்கும் ஷ்வேகால்ப் கேமராவுக்கு அந்த 100 மீட்டர், பக்கவாட்டில் 77 மீட்டர் விலகலாகத் தெரிந்துவிடும். வெறும் 10 மீட்டர் பின்னால் என்றாலும் ஏழெட்டு மீட்டர் விலகல் காட்டும். ஆக, இரண்டு படத்திலும் மின்னல் லேசரின் மேலேயே கிடந்தால் அது வானத்திலும் லேசரின் மேலேயே கிடந்தது என்று அர்த்தம். தப்பிக்க இடமில்லை.

அன்று எடுத்த இரண்டு படத்திலும் அப்படித்தான் கிடந்தது. கோபுர நுனிக்கு மேலே ஏறத்தாழ 50 மீட்டர் வரை மின்னல் லேசரின் வழியிலேயே போய், அதன் பிறகுதான் தன் இஷ்டத்துக்குத் திரும்பியது. படத்தைப் பார்த்தவர்களை முதலில் உறுத்துவது அதன் நேர்த்திதான். மின்னல் கோணல் மாணலாகத்தான் போகும். கோல் வைத்துக் கிழித்தது போல 50 மீட்டர் போவது அதன் பிறவிக்குணம் கிடையாது. ஆனால் நேராகத் தெரிவதையும் ஒரு படத்தை வைத்து நம்பக்கூடாது. நம்மை நோக்கியும் நம்மை விட்டு விலகியும் வளைகிற மின்னல், நமக்கு நேராகத்தான் தெரியும். இரண்டு திசையிலிருந்தும் நேராகத் தெரிந்தால்தான் நேர்.

க்ரோன்பெர்க்கிலிருந்து பார்த்தால் அந்த 50 மீட்டர் எவ்வளவு பெரிது? முழுநிலாவின் அகலத்தைவிடச் சற்றே கூடுதல். கையை நீட்டிச் சுண்டுவிரலை வானத்தில் பிடித்தால் அதன் அகலத்தில் பாதிக்குள் அடங்கிவிடும். மொத்த வழக்கும் அந்த அரை விரலுக்குள்தான் நடந்தது.

படத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். பத்திரிகைகளில் வந்ததில் மின்னலோடு பச்சைக்கோடு ஒன்று ஓடுகிறது. அந்த லேசரின் அலைநீளம் 1,030 நானோமீட்டர், அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது. பச்சையாகத் தெரிவது அதிலிருந்து பிறக்கும் பாதி அலைநீளத்து ஒளி. அதை வேறொரு நேரத்தில் அதே கேமராவில் படமெடுத்து, மின்னல் படத்தின் மேல் வைத்திருக்கிறார்கள். இதில் பித்தலாட்டம் எதுவும் இல்லை. கேமரா அசையாமல் இருந்தால் லேசர் எந்த நேரத்திலும் அதே கோட்டில்தான் விழும். ஆனால் "அசையாமல் இருந்தால்" என்ற அந்தச் சொல்லின் மேல்தான் எல்லாம் நிற்கிறது. நல்லவேளை, இரண்டு சட்டகத்திலும் கோபுரம் இருக்கிறது. எங்கே இருக்கிறது, எவ்வளவு உயரம் என்று அங்குலக் கணக்கில் தெரிந்த பொருள். கேமரா லேசாகத் திரும்பியிருந்தாலும் கோபுரம் காட்டிக்கொடுத்துவிடும்.

வேகத்தையும் பார்த்துவிடலாம். மேல்நோக்கி ஏறும் மின்னலின் முனை நொடிக்கு ஒரு லட்சம் மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 50 மீட்டரைக் கடக்க அரை மில்லிநொடி. நொடிக்கு 30 படம் எடுக்கும் சாதாரண வீடியோவில் இது ஒரே சட்டகத்தில் முழுங்கப்பட்டுவிடும், எது முதலில் வந்தது என்ற பேச்சுக்கே இடமில்லை. நொடிக்கு 24,000 படம் என்றால் அதே தூரத்துக்கு 12 படம் கிடைக்கும். முனை ஒவ்வொரு படத்திலும் நாலு மீட்டர் ஏறியிருக்கும். லேசரைப் பிடித்துக்கொண்டு ஏறியதா என்ற கேள்விக்கு இந்தப் பன்னிரண்டும் வேண்டும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். மின்னல், இரண்டு லென்ஸ் என்றதும் விவரம் தெரிந்தவர்கள் ஆங்கிலேய இயற்பியலாளர் சார்லஸ் வெர்னன் பாய்ஸ் 1900-ல் செய்த கேமராவைச் சொல்வார்கள். ஒரே வட்டத்தின் எதிரெதிர் ஓரங்களில் இரண்டு லென்ஸ், இரண்டும் அந்த வட்டத்தில் சுழலும். அதே முறையில் 1930-களில் ஜோகன்னஸ்பர்க்கில் ஷோன்லேண்ட் குழு எடுத்த படங்களால்தான் மின்னல் ஒரே பாய்ச்சலாக இறங்குவதில்லை, படிப்படியாக நின்று நின்று இறங்குகிறது என்று தெரிந்தது. ஆனால் அந்த இரண்டு லென்ஸும் காலத்தை அளக்க வந்தவை. பக்கத்துப் பக்கத்தில் இருந்து ஒரே திசையைப் பார்ப்பவை. அவற்றால் ஆழம் சொல்ல முடியாது.

ஏன் முடியாது என்பதற்கு எண்ணிலேயே விடை இருக்கிறது. 24 மில்லிமீட்டர் லென்ஸ், 36 மில்லிமீட்டர் அகல சென்சார், குறுக்காக 6,000 புள்ளிகள் என்று ஒரு சாதாரண கேமராவை எடுத்துக்கொள்ளலாம். 5 கிலோமீட்டர் தள்ளி விழும் மின்னலில் ஒரு புள்ளி என்பது 1.25 மீட்டர். இப்போது இரண்டு கேமராக்களை நம் கண்களின் இடைவெளியில், 65 மில்லிமீட்டரில், வைத்தால் இரண்டு படத்துக்கும் இடையே மின்னல் நகர்ந்திருக்கும் அளவு ஒரு புள்ளியில் இருபதில் ஒரு பங்கு. அதாவது ஒன்றுமே நகரவில்லை. வானத்தில் நடக்கும் எல்லாமே ஒரு திரையில் வரைந்தது போல நமக்குத் தெரிவது இதனால்தான்.

இடைவெளியை 200 மீட்டர் ஆக்கினால் மின்னல் 160 புள்ளி நகரும். ஒரு புள்ளி தவறினால் ஆழத்தில் 31 மீட்டர் பிழை. அளப்பதற்குப் போதாது, ஆனால் பார்த்து ரசிக்க அருமை. அந்த இரண்டு படத்தையும் முப்பரிமாணக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தால் ஐந்து கிலோமீட்டர் தள்ளி விழுந்த மின்னல், முகத்துக்கு முன்னால் ஒன்றரை மீட்டரில் முருங்கைக் கிளை போலத் தொங்கும். கண் இடைவெளியை மூவாயிரம் மடங்கு ஆக்கினால் உலகம் மூவாயிரம் மடங்கு சுருங்கிவிடுகிறது. கும்பகர்ணனுக்கும் அவ்வளவு பெரிய தலை இருந்திருக்காது.

அளக்க வேண்டும் என்றால் இடைவெளி இரண்டு கிலோமீட்டராவது வேண்டும். அப்போது பிழை ஒரு புள்ளிக்கு மூன்று மீட்டராக இறங்கும். இது நில அளவைக்காரர்களின் பழைய பாடம்தான். 1802-ல் நில அளவையாளர் லாம்டன் சென்னைப் பரங்கிமலைப் பக்கம் சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கோட்டைச் சங்கிலியால் அளந்துவிட்டுத்தான் மீதி இந்தியாவை வெறும் கோணங்களாலேயே அளக்கக் கிளம்பினார். இப்படி முதலில் அளக்கும் அடிக்கோடு குட்டையாக இருந்தால் முக்கோணம் ஊசியாகிவிடும். ஊசி முக்கோணத்தின் நுனி எங்கே என்று சொல்வது கஷ்டம்.

அப்படியானால் இடைவெளியை இன்னும் கூட்டிக்கொண்டே போகலாமே? இங்கேதான் வேலை கடினமாகிறது. இடைவெளி கூடக்கூட, இரண்டு படங்களும் ஒன்றையொன்று அடையாளம் தெரியாதவை ஆகிவிடும். 90 பாகை வித்தியாசத்தில் எடுத்த ஒரே மின்னலின் இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்தால், இரண்டும் வேறு வேறு மின்னல் என்றே தோன்றும். ஒன்றில் வலப்பக்கம் பிரியும் கிளை மற்றதில் பிரியவே பிரியாது, தண்டின் பின்னால் ஒளிந்திருக்கும். எந்தப் புள்ளிக்கு எந்தப் புள்ளி ஜோடி என்று பொருத்துவதுதான் மொத்த வேலையின் முக்கால்வாசி.

பொருத்துவதற்கு வடிவியல் ஒரு சலுகை தருகிறது. முதல் படத்தில் நீங்கள் தொட்ட ஒரு புள்ளி, வானத்தில் ஒரு நீண்ட கோட்டின் மேல் எங்கோ இருக்கிறது. அந்தக் கோட்டை இரண்டாவது கேமராவின் கண்ணால் பார்த்தால் அதன் படத்தின் குறுக்கே ஒரு கோடாக விழும். ஜோடிப் புள்ளி அந்தக் கோட்டின் மேல்தான் இருந்தாகவேண்டும். படம் முழுக்கத் தேடவேண்டியதில்லை, ஒரு கோட்டில் தேடினால் போதும். கேமரா இரண்டும் தரையில், ஏறத்தாழ ஒரே மட்டத்தில் இருந்தால் இந்தக் கோடு கிட்டத்தட்டப் படுக்கையாக இருக்கும். செங்குத்தாக விழும் மின்னல் அதை ஒரே இடத்தில் வெட்டும். ஜோடி கிடைத்துவிட்டது.

படுக்கையாக ஓடும் மின்னல்தான் எமன். மேகத்தின் அடிவயிற்றில் ஊர்ந்து போகிறதே, அது. அது அந்தத் தேடல்கோட்டின் மேலேயே படுத்துக்கொள்ளும். கோட்டில் எங்கே தொட்டாலும் மின்னல். எது எதற்கு ஜோடி என்று சொல்லவே முடியாது. கோணலாகப் போகும் தண்டிலும் இந்தத் தொல்லை வரும். ஒரு இடத்தில் வளைந்து இறங்கி மறுபடி மேலே ஏறினால் தேடல்கோட்டை மூன்று இடத்தில் வெட்டிவிடும். அப்போது கிளை பிரியும் கணுக்களை நங்கூரமாக வைத்துக்கொண்டு, கீழே தரையிலிருந்து கணு கணுவாக மேலே ஏறவேண்டும். மின்னல் அறுபடாத ஒற்றை இழை, வரிசை மாறாது. கீழிருந்து மூன்றாவது கணு எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும் மூன்றாவது கணுதான். தெரிந்தால்.

சென்டிஸ் இந்தச் சிக்கலிலிருந்து பாதி தப்பியது. மின்னல் கிளம்பும் இடம் தெரியும், கோபுர நுனி. ஏறவேண்டிய வழியும் தெரியும், லேசர். அவர்கள் வானத்தில் முன்பின் தெரியாத கொடியைத் தேடவில்லை, ஏற்கெனவே போட்ட கோட்டிலிருந்து கொடி எவ்வளவு விலகுகிறது என்று மட்டும் பார்த்தால் போதும்.

சரி, மீதி மூன்று மின்னல்? அவற்றுக்கு இந்த இரட்டைப்படம் கிடையாது. அங்கே கைகொடுத்தது வானொலி அலை. மின்னல் முனை ஏறும்போது மிக உயர் அதிர்வெண் அலைகளைச் சிதறிக்கொண்டே போகும். மேகம் ஒளியை மறைக்கும், இந்த அலையை மறைக்காது. ஷ்வேகால்ப்பில் வைத்த ஆண்டெனாக்கள் அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கணித்தன. லேசர் இருந்தபோது ஏறிய மின்னல்கள், இல்லாதபோது ஏறியவற்றைவிட லேசர் கோட்டை நெருங்கியே போயின என்பது முடிவு. நல்ல சான்றுதான். ஆனால் கவனியுங்கள், அது ஒரே இடத்திலிருந்து பார்க்கும் கண். திசை சொல்லும், தூரம் சொல்லாது. நமக்குக் காற்றாடி ஞாபகம் வரவேண்டும். என் பார்வையில், நான்கில் ஒன்று கண்ணால் கண்ட சாட்சி, மூன்று சந்தர்ப்ப சாட்சி. அந்த ஒன்று இல்லாமல் மூன்றும் இவ்வளவு கனமாக இருந்திருக்காது.

2023 ஜனவரியில் நேச்சர் ஃபோட்டோனிக்ஸ் இதழில் கட்டுரை வந்ததும் "மின்னலை லேசர் திசைதிருப்பியது" என்று உலகமெங்கும் செய்தி. கட்டுரை 50 மீட்டர் என்கிறது. பல்கலைக்கழகச் செய்திக்குறிப்பு கிட்டத்தட்ட 60 என்றது, காப்பு வட்டத்தின் ஆரம் 120 மீட்டரிலிருந்து 180 ஆகிறது என்று சேர்த்தது. நாளிதழ்கள் விமான நிலையத்துக்கே போய்விட்டன. நான்கு மின்னலை வைத்து, லேசர் இருந்தால் மின்னல் கூடுதலாக விழுமா குறைவாக விழுமா என்றுகூடச் சொல்ல முடியாது. கோபுரத்திலிருந்து எப்படியும் கிளம்பவிருந்த மின்னல் கொஞ்ச தூரம் லேசரைப் பிடித்துக்கொண்டு போனது, அதுவரைதான் படம் காட்டுகிறது. அதுவே இதற்கு முன் யாரும் வெளியே, உண்மையான இடிமேகத்தின் கீழே, இவ்வளவு தெளிவாகக் காட்டாதது.

இதைப் படித்துவிட்டு நண்பரும் நீங்களுமாக இரண்டு கேமராவைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடத் தோன்றலாம். மாடிக்கு ஓடாதீர்கள். இடிச்சத்தம் காதில் விழும் தூரத்தில் மின்னல் இருந்தால் நீங்கள் அது எட்டும் தூரத்தில் இருக்கிறீர்கள். ஜன்னலுக்கு உள்ளே ட்ரைபாட், கேமராவில் இடைவெளியின்றித் தொடர்ந்து படம் எடுக்கும் அமைப்பு, பத்துப் பதினைந்து நொடி ஷட்டர் திறப்பு. இரவில் இதற்கு இரண்டு கேமராவும் ஒரே கணத்தில் திறக்கத் தேவையில்லை. இரண்டும் திறந்திருக்கும்போது மின்னல் விழுந்தால் போதும், அதுவே தன் ஃப்ளாஷ்.

ஆனால் கடிகாரம் ஒத்துப்போக வேண்டும். கேமராக் கடிகாரம் மாதத்தில் நிமிடக்கணக்கில் ஓடவும் செய்யும், பின்தங்கவும் செய்யும். அன்று மாலை இரண்டு கேமராவும் செல்போன் கடிகாரத்தின் திரையை ஒருமுறை படமெடுத்து வைத்துக்கொண்டால் பிறகு கழித்துக்கொள்ளலாம். இதைச் செய்யாமல் நூறு படத்தை எதிரெதிரே வைத்துக்கொண்டு, வடிவம் பார்த்து ஜோடி சேர்க்க உட்கார்ந்தால் விடிந்துவிடும். ஏன் என்று மேலே சொல்லியாயிற்று.

அப்புறம், வெளிச்சம் இருக்கும்போதே அதே சட்டகத்தில் ஒரு படம். இரண்டு கேமராவிலும் கோயில் கோபுரம், தண்ணீர்த்தொட்டி, செல்போன் கோபுரம் என்று வரைபடத்தில் இடம் தெரிந்த மூன்று நான்கு பொருள் விழவேண்டும். அவை இல்லாமல் கேமரா எந்தப் பக்கம் பார்த்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அகல லென்ஸ் ஓரங்களை வளைக்கும் என்பதால் மின்னல் ஓரத்தில் விழுந்தால் அந்த வளைவையும் நேராக்கித்தான் கணக்கில் இறங்கவேண்டும். படத்தில் தடியாகத் தெரியும் கோட்டின் அகலத்தைப் பார்த்து மிரள வேண்டாம். மின்னலின் தண்டு சில சென்டிமீட்டர்தான், மீதியெல்லாம் கண்கூசும் வெளிச்சம். கோட்டின் நடுவைத் தொட்டால் போதும்.

கணக்கு சரியா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. கேமராப் பக்கத்தில் செல்போனை வீடியோவில் ஓடவிடுங்கள். ஒலி மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் போகும். மின்னலின் மிக அருகிலுள்ள பகுதி உங்களிடமிருந்து 5 கிலோமீட்டர் என்று முக்கோணம் சொன்னால், வெளிச்சத்துக்கும் முதல் உறுமலுக்கும் நடுவே 15 நொடி இருக்கவேண்டும். ஒன்பதாவது நொடியிலேயே இடி கேட்டிருந்தால், மேலே எங்கோ ஒரு கணுவை மாற்றிப் பொருத்தியிருக்கிறீர்கள். மறுபடி கீழிருந்து எண்ணுங்கள்.